காலி ஸ்லாட்டில் தூசி இல்லை

எதிர் மேஜைக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளி. அதன் அலுவலக அறையில் நாங்கள் இரண்டு பேர் கிளார்க். நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அவர் வந்தார். பதினோரு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் டீயை உறிஞ்சுகிற சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. பெற்றோர் யாராவது என் மேஜைக்கு வந்தால், "இங்க வாங்க சார், நான் பாக்கறேன்" என்று என்னைத் தாண்டிக் கூப்பிடுவார். நான் தயாரித்த ஃபைலைத் தாளாளர் அறைக்குத் தானே எடுத்துப் போவார். கேட்டால், "உங்களுக்கு எதுக்கு மேடம் அலைச்சல்" என்பார். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் பதினோரு வருடம்.

அந்த வருடம் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் ஓய்வு பெற இருந்தார். அந்த இடம் எங்கள் இருவரில் ஒருவருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் மூப்பு எனக்கு. அதை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மட்டும் அடிக்கடி, "சீனியாரிட்டி எல்லாம் அந்தக் காலம் மேடம், இப்ப ஸ்பீடுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் எனக்கு அம்மை போட்டது. கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, பதினாறு நாள் வெளியே வராமல் கிடந்தேன். அரையாண்டு விடுமுறையும் அதில் சேர்ந்துகொண்டது. ஜனவரியில் திரும்பிப் போனபோது கன்னத்திலும் நெற்றியிலும் தழும்பு கறுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் எதிர் மேஜைக்காரர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டு வந்திருக்கீங்களா மேடம்? பசங்க இருக்கற இடம் பாருங்க."

கொண்டு வந்திருந்தேன். அவரிடம் காட்டவில்லை.

அன்றைக்குத்தான் என் கம்ப்யூட்டர் மாறியிருந்ததைக் கவனித்தேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அது என்றைக்குமே பறக்கிற மெஷின் இல்லை. ஆனால் இப்படி இருந்ததில்லை. ஒரு எழுத்தை அடித்தால் மூச்சு விட்டு எண்ணிக்கொள்ளலாம், அப்புறம்தான் அந்த எழுத்து வரும். பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு ஃபைலைத் திறந்தால் இரண்டுமே உறைந்துபோகும். படிப்புச் சான்று கேட்டு வந்த ஒரு அம்மா, கையில் குழந்தையை வைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார். பிறகு எதிர் மேஜையிலிருந்து குரல் வந்தது. "இங்க வாங்கம்மா, ரெண்டு நிமிஷம்." இரண்டு நிமிடத்தில் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலைக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புகைப்படம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து ஏற்ற வேண்டும். கடைசி நாளன்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பாதிப் பட்டியலில் மெஷின் தானாகவே அணைந்துபோனது. தொட்டுப் பார்த்தேன், பெட்டியின் பக்கவாட்டுத் தகடு தோசைக்கல் போலச் சுட்டது. மறுபடி போட்டு, மறுபடி ஆரம்பித்து, மறுபடி அணைந்தது.

தாளாளர் வந்தார். அறையில் சேர்க்கை விண்ணப்பம் வாங்க வந்த பெற்றோர் ஆறேழு பேர் இருந்தார்கள்.

"இன்னும் முடியலையா?"

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்."

"சிஸ்டம் ஸ்லோவா, நீங்க ஸ்லோவா?"

பெற்றோரில் ஒருவர் சிரித்தார். எதிர் மேஜைக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மிகவும் மரியாதையாக, "குடுங்க மேடம், நான் முடிச்சுடறேன்" என்று என் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கிக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூட நான் அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வீடியோக்கள் பார்த்தேன். எப்படிச் சுத்தம் செய்வது, எதை அணைப்பது என்று என் மகளின் நோட்டில் பின்பக்கமாக எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை அரைமணி முன்னதாகவே போய் ஒவ்வொன்றாகச் செய்தேன். மெஷின் எழும்போதே கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் புரோகிராம்கள் பதினான்கு இருந்தன. பதினொன்றை நிறுத்தினேன். யாரோ எப்போதோ இறக்கிய விளையாட்டு, காலாவதியான இரண்டு வைரஸ் தடுப்பான்கள், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த கூப்பன் பட்டைகள் எல்லாவற்றையும் நீக்கினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். ஆண்டுவிழாப் படங்கள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினேன். கொஞ்சம் தேறியது. எழுவதற்கு ஒன்பது நிமிடம் ஆனது ஐந்து நிமிடமானது. ஆனால் இரண்டு ஃபைலைத் திறந்தால் பழையபடி உறைந்தது. சூடும் குறையவில்லை.

தாளாளரிடம் போய் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன்.

"இருக்கற செலவுல இது வேறயா? உங்க சிஸ்டம், உங்க பாடு. வேணும்னா நீங்களே எங்கயாவது காட்டிக்கோங்க" என்றார்.

"வெளிய எடுத்துட்டுப் போலாமா சார்?"

"எடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்தா சரி."

இதை அவர் அலுவலக அறை வாசலில் நின்று சொன்னார். எதிர் மேஜைக்காரர் காதிலும் விழுந்தது. பின்னால் இது முக்கியமாயிற்று.

சனிக்கிழமை அரை நாள். மதியம் சிபியு பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, இடுப்பில் அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னாக்கா, கொயந்தையா அது? ஒரு ஆளு எடத்த புட்ச்சிகினு கீது" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை. "ஓட்டுங்க" என்றேன்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கணக்கு டீச்சர் சொன்ன கடை இருந்தது. பத்தடி அகலம். மூன்று பக்கமும் குடல் சரிந்த கம்ப்யூட்டர்கள். நடுவில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், என் வயதுதான்.

"மெக்கானிக் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமல், "எதிர்ல குந்திகினு கீறது யாருன்னு நெனச்சீங்க?" என்றார்.

ஆரம்பமே அப்படித்தான். பெட்டியை மேஜையில் வைத்தேன். அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டை இழுத்தார். உள்ளே பார்த்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடுகள். அவர் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய் புளோயரால் ஊதப் போனார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மகள். ஒரு நிமிடம் திரும்பி நின்று பேசினேன். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரேம் ஒண்ணுதான் கீது."

எனக்குப் புரியவில்லை. அவர் விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் அதே நீளத்தில் ஒரு காலிப் பள்ளம். அதையும் தாண்டி இன்னும் இரண்டு பள்ளங்கள் தூசி அடைத்துக் கிடந்தன.

"வேலை செய்யறப்போ மெஷின் எல்லாத்தையும் இதுமேலதான் விரிச்சி வெச்சிக்கும். மேஜை மாதிரி. ரெண்டு இருந்திருக்கு, நாலு நாலா எட்டு ஜிபி. இப்போ பாதிதான் கீது. ஒண்ணு காணோம்."

வாங்கியபோது ஒட்டிய ஸ்டிக்கர் பெட்டியின் மேலேயே இருந்தது. எட்டு என்று அதில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"நான் போன்ல பேசற வரைக்கும் இருந்துச்சே."

உள்ளே எத்தனை பட்டை இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். ஆனாலும் சொன்னேன். சர்வீஸ் கடைகளில் பாகத்தை மாற்றிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதோடு அந்தச் சந்தைப் பற்றியும் அந்தக் கடையைப் பற்றியும் அவரைப் பற்றியும் அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியதை நான் முழுதாக எழுதப் போவதில்லை. அது பட்டையைப் பற்றியது மட்டும் இல்லை.

அவர் புளோயரைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்னீங்க?"

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"அடிச்சிப் பாருங்க. நான் இன்னும் பாதிதான் ஊதினேன். இந்தப் பக்கம் ஊதவே இல்ல. இந்த ரேம் மேல தூசி கீதா? போர்டு பூரா தூசி கீதா?"

இருந்தது.

"இந்தக் காலி ஸ்லாட்டுக்குள்ள?"

குனிந்து பார்த்தேன். சுற்றிலும் சாம்பல் படிந்திருந்த இடத்தில் அந்தப் பள்ளத்தின் உள்பக்கத்தில் மட்டும் கம்பளித் தூசி இல்லை. மேலே மெல்லியதாக, பவுடர் தூவியது போல ஒரு படலம் மட்டும் இருந்தது.

"இத்தினி வருசமா மூடிகினு இருந்த பள்ளம் இது. அதான் உள்ள சுத்தமா கீது. இப்போ நான் எடுத்திருந்தா இந்தப் பவுடரும் இருக்காது. ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம் முன்னாடி யாரோ கழட்டிக்கீறாங்க. திருகாணியப் பாருங்க, மூணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி. தொலைச்சிட்டு வேற போட்டுக்கீறாங்க." தகட்டை எடுத்து மூடினார். பெட்டியை என் பக்கம் தள்ளினார். "எடுத்துகினு கெளம்புங்க. திருட்டுப் பட்டம் கட்றவங்களுக்கு நான் வேலை செய்யறதில்ல."

சந்தில் வெயிலில் போர்வையோடும் பெட்டியோடும் நின்றேன். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் என்று அவர் சொன்னதை விரல் விட்டு எண்ணினேன். அம்மை போட்ட நாட்கள்.

வேறு கடை தேடிப் போயிருக்கலாம். சண்முகம் சாலையில் நாலைந்து கடைகள் இருக்கின்றன. ஆனால் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆளை விட்டுவிட்டு வேறு யாரிடமோ போய் நிற்க மனம் வரவில்லை. திரும்பப் போனேன்.

"தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா சொல்லல மேடம். தப்பா நெனச்சீங்க. உள்ள இருந்தது வெளிய வந்திச்சு, அவ்ளோதான்."

பெட்டியை இறக்காமல் வாசலிலேயே நின்றேன்.

வேலையை எடுத்துக்கொண்டார். மன்னித்ததால் அல்ல. "வாசல்ல பெட்டியோட நின்னா வர்ற கஸ்டமரும் ஓடிப்பூடுவான்" என்றார். அடுத்த இரண்டு மணி நேரம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மீதித் தூசியை ஊதினார். ப்ராசஸர் மேலிருந்த பூச்சு சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது, அதைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். "இதனாலதான் சூடேறி அணைஞ்சி போவுது" என்றார், என்னிடம் அல்ல, மெஷினிடம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல், பக்கத்தில் உள்ளங்கை அளவே இருந்த, வேகமாக ஓடும் புது ரக எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வைத்து, சிஸ்டத்தை அதில் ஏற்றினார். காலிப் பள்ளத்தில் ஒரு புது ரேம் பட்டையைச் செருகினார். டக்கென்று ஒரு சத்தம்.

"ஸ்கூல் ஃபைலெல்லாம் பழைய டிஸ்க்லயே கீது. பழைய சிஸ்டமும் அதுலயே கீது, புதுசுல அதோட காப்பி மட்டும்தான். பில்லு யார் பேர்ல? ஸ்கூலா, நீங்களா?"

"என் பேர்ல."

பில்லைக் கிழித்துக் கொடுக்கும்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "உங்க ஆபீஸ்ல மெஷினெல்லாம் ஒரே நாள் வாங்கினதா? அப்போ எல்லாத்துலயும் எட்டுதான் காட்டணும். எதுலயாவது பன்னெண்டு காட்டிச்சின்னா அங்க போய்க் கேளுங்க. என்னாண்ட கேட்ட மாதிரி."

திங்கட்கிழமை காலை பிரேயர் நடக்கும்போது எதிர் மேஜைக்காரர் மைதானத்தில் இருந்தார். வரிசையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸைத் தொட்டேன். மூன்று இடத்தில் சொடுக்கினால் போதும், திரையே சொல்லிவிடும்.

பன்னிரண்டு.

நாட்டுப் பண் முடிகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அவர் உள்ளே வந்ததும், "உங்க சிஸ்டத்துல பன்னெண்டு ஜிபி காட்டுது" என்றேன்.

"யார் உங்களை என் சிஸ்டத்தைத் தொடச் சொன்னது?"

"யார் உங்களை என் சிஸ்டத்தைத் திறக்கச் சொன்னது?"

அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சத்தம் போடாதீங்க மேடம். வாங்க, சார்கிட்டயே கேட்டுடலாம்."

அவர் அவ்வளவு தைரியமாகச் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தாளாளர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் நிற்க வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: அம்மை, பட்டை, பள்ளம், பன்னிரண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுவா? நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். ரிசல்ட் ஷீட் போடறதுக்கு அவர் சிஸ்டம் பத்தலைன்னார். நீங்க லீவுல இருந்தீங்க. உங்களது சும்மாதானே கிடந்துச்சு?"

"நான் வந்தப்புறம் திருப்பிப் போட்டிருக்கலாமே சார்."

தாளாளர் அவரைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் சார்" என்றார் எதிர் மேஜைக்காரர்.

"மறந்துட்டாராம்" என்றார் தாளாளர் என்னிடம், அதோடு விஷயம் முடிந்துவிட்டது போல.

"சார், அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி, சிஸ்டம் ஸ்லோவா நீங்க ஸ்லோவான்னு கேட்டீங்க. பாதி பாகத்தை எடுத்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"இப்ப ரிப்பேர் பண்ணிட்டீங்கல்ல? ஃபாஸ்ட்டா இருக்குல்ல? அப்புறம் என்ன வேணும் உங்களுக்கு? போய் வேலையைப் பாருங்க."

என்ன வேணும் என்று எனக்கே தெரியவில்லை. போய் வேலையைப் பார்த்தேன். திருட்டு என்று நினைத்துக்கொண்டு போனேன். திருட்டாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருடனைப் பிடித்துவிட்ட நிம்மதியாவது கிடைத்திருக்கும். இது அப்படி இல்லை. எல்லோரும் பார்க்க, அனுமதியோடு, நான் படுத்துக் கிடந்தபோது நடந்தது.

மெஷின் என்னவோ பறந்தது. ஸ்விட்ச் போட்டு நாற்காலியைச் சரிசெய்வதற்குள் திரை வந்துவிடும். மூன்று ஃபைலைத் திறந்து வைத்து வேலை செய்தேன். சேர்க்கை வேலை முழுவதையும் இரண்டு வாரத்தில் முடித்தேன். பெற்றோர்கள் தாங்களாகவே என் மேஜைக்கு வந்தார்கள். எதிர் மேஜையிலிருந்து "இங்க வாங்க சார்" கேட்கவில்லை. நானும் அவரும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் காகிதத்தை மேஜை ஓரத்தில் வைப்பார், நான் போட்டு அதே ஓரத்தில் வைப்பேன். அவர் டீ உறிஞ்சும்போது நான் வேண்டுமென்றே ஸ்டேப்ளரைப் பலமாக அடித்தேன். அற்பம்தான். செய்தேன்.

மார்ச்சில் சூப்பரின்டெண்டென்ட் பதவி அவருக்குப் போனது. காரணம் கேட்டதற்கு, பெயர்ப் பட்டியலைக் கடைசி நேரத்தில் அவர்தான் காப்பாற்றினார் என்று சொன்னார்கள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையின்போது தாளாளர் பியூனோடு வந்தார்.

"இந்த சிஸ்டத்தை உள் ரூமுக்கு மாத்திடுங்க. சூப்பரின்டெண்டென்ட்டுக்கு நல்ல சிஸ்டம் வேணும். அவரோடதை நீங்க வெச்சுக்கோங்க."

"அந்த பன்னெண்டு ஜிபியோடவா சார்?"

"அதுல ஏதோ பிரச்சனையாம். பார்த்துக் குடுப்பார்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தேன். மெஷினை முறைப்படி அணைத்தேன். ஒயர்களைப் பிடுங்கினேன். என் கைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. சூப்பரின்டெண்டென்ட் பதவி அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே வாங்கியது. எதற்கு என்று வாங்கும்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான்கு திருகாணி. தகடு வந்தது.

"மேடம், என்ன பண்றீங்க?" என்றார் எதிர் மேஜைக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"என் பொருளை எடுக்கறேன்."

புது ரேம் பட்டையின் இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் அழுத்தினேன், எம்பிக்கொண்டு வந்தது. எஸ்எஸ்டியின் ஒயரைக் கழற்றி அதையும் எடுத்தேன். பழைய டிஸ்க்கைத் தொடவில்லை. அந்தப் பெண் செய்ததை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றுகூட மறக்கவில்லை.

"இது ஸ்கூல் ப்ராப்பர்ட்டி! போலீஸைக் கூப்பிடுவேன்" என்று தாளாளர் கத்தினார்.

பில்லை மேஜையில் வைத்தேன். "என் பேர்ல இருக்கு சார். வெளிய காட்டிக்கோங்கன்னு நீங்கதான் சொன்னீங்க, அதோ அந்த வாசல்ல நின்னு. ஸ்கூல் ஃபைல் எல்லாம் உள்ளயே இருக்கு. நான் அம்மை போட்டுத் திரும்பி வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

பியூன் தரையைப் பார்த்தார். டீச்சர்கள் சிலர் வாசலில் கூடிவிட்டார்கள். யாரும் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தகட்டை மாட்டி, நான்காவது திருகாணி வரைக்கும் நிதானமாக முடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். மிச்சச் சாப்பாட்டை அவர்கள் பார்க்கச் சாப்பிட்டேன்.

பள்ளி உடைமைக்குச் சேதம் விளைவித்ததாக ஒரு மெமோ வந்தது. பில்லின் நகலை இணைத்து அரைப் பக்கத்தில் பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. உள் அறைக்கு அந்தப் பெட்டி போகவில்லை, என்னிடமே விட்டுவிட்டார்கள். எழ ஐந்து நிமிடம் எடுக்கும் மெஷினில் மே மாதம் வரை வேலை செய்தேன். பெற்றோர் யாராவது ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "இதுல பாதிப் பாகம் இல்லைங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மே கடைசியில் விலகினேன். இப்போது நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கேயும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

பட்டையும் டிஸ்க்கும் மகளின் கம்ப்யூட்டரில் போடலாம் என்று ஒரு சனிக்கிழமை மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூலிலிருந்து எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் மேஜைக்கு மிக அருகில், முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டார்.

"இங்க குந்துங்க. என் கையையே பாருங்க. போன் வந்தா எடுக்காதீங்க."

உட்கார்ந்தேன். வேலை முடிகிற வரைக்கும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது, "அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி பன்னெண்டுதான் காட்டிச்சு" என்றேன். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் என்னைத் தாண்டி அடுத்து நின்ற ஆளைப் பார்த்து, "உங்களுக்கு இன்னா?" என்றார்.

விலகிய அடுத்த பிப்ரவரியில் ஒருநாள் காலை எதிர் மேஜைக்காரர் போன் செய்தார். எண்ணை நான் அழிக்கவில்லை, அதனால் பெயர் வந்தது. எடுத்தேன்.

"மேடம், போன வருஷ ஒன்பதாம் கிளாஸ் பெயர்ப் பட்டியல் ஃபைல் எங்க வெச்சீங்க? இன்னிக்குக் கடைசி நாள். சிஸ்டம் வேற தேடித் தர மாட்டேங்குது."

எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன, அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு, "கிடைச்சுடுச்சு. மேடம், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

வைத்துவிட்டேன்.